உமேயக்காவுக்கு ஒரு பூசை

இராஜாக்கமங்கலம்துறை
12 ஜூன் 2012

ரெஜிஷாவுக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. எப்போதும்போல நீ போன் அடிக்கிறாய், நேற்றிலிருந்து நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். எடுத்தால் அந்தப் பக்கம் நீ பேசுவாயா, செத்துப்போன அம்மா பேசுவாளா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கடிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று ஜெஸ்பின் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மூலையில் வீசிவிட்டு கார்ட்டூன் வைத்தாள். தினமும் நடக்கிறதுதான். அப்பா வாசல்படியில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் அயிலை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா குரல் கேட்டது.

“இருட்டுல அடஞ்சி கெடக்கேன் மக்களே. என்னைய ஒருக்கா வெளிய விடுங்களேன்.”

அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். டிவியில் ஒரு ஜப்பான்காரி, ஏதோ ரயில் பெட்டிக்குள் விளக்கில்லாத மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயிலிருந்து நம் அம்மா பேசுகிறாள். அந்த ‘மக்களே’யை அம்மா இழுக்கிற அதே இழுப்பு. எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நீதான் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவைப்போலப் பேசி என்னை அழவைத்தவள் நீ. இந்தக் குரலை எடுக்க உலகத்தில் ஒருத்திதான் உண்டு.

ஆனால் அப்பாவுக்குத் தெரியவில்லை. நீ டப்பிங் பேசப் போன நாளிலிருந்து என்ன படம், என்ன கதை என்று ஒருநாளும் எங்களிடம் வாய் திறந்ததில்லையே. அப்பா வலையைக் கையில் பிடித்தபடியே எழுந்து, டிவி முன்னால் வந்து முழங்கால்படியிட்டார். அம்மா பேரைச் சொல்லி “ஞானம்” என்று கூப்பிட்டார். அவள் மறுபடியும் “வெளிய விடுங்களேன்” என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனார்.

மரியஜான் உபதேசியார் இருட்டினதும் வந்து என்னிடம் கேட்கிறார்: “என்னட்டி, உங்க அப்பன் சொல்லுகது நெசமா? ஞானம் மோட்சத்துக்குப் போவ வழியில்லாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து தவிக்காளாம். தன்னைய கரையேத்த பூசை கேட்டாளாம். பேர் எழுதிக் குடுத்திட்டுப் போறாரு.”

நான் என்ன சொல்ல? உனக்குத் தெரியும், அம்மா ஈத்தாமொழி பஸ் ஸ்டாப்பில் தலையில் மீன் கடவத்தோடு விழுந்தாள். சாமியார் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. சாகும்போது பூசுகிற அவஸ்தை எண்ணெய்கூடப் பூசாமல் போனாளே, அவள் ஆத்துமா எங்கே நிற்கிறதோ என்று அப்பா மூன்று வருஷமாக வெளியே சொல்லாமல் உருகிக்கொண்டிருந்தார். நீ அதில் எண்ணெய் ஊற்றிவிட்டாய்.

இதை நிறுத்து. எப்படி நிறுத்துவாயோ எனக்குத் தெரியாது.

ஜெனிலா


வளசரவாக்கம், சென்னை
20 ஜூன் 2012

அக்கா,

உன் கடிதத்தை ஸ்டூடியோ வாசலில் நின்று படித்தேன். அப்பா பூசைக்குப் பேர் கொடுத்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படாதே. அடுத்த வரிக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அன்றைக்கு நான் பேசவேண்டிய சின்னப் பிள்ளை வசனத்தை நாலு தடவை கெடுத்தேன்.

அது என்ன கதை என்று முதலில் சொல்கிறேன். ஹரு என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். அவன் ஒரு உடம்புக்குள் நாலு பேர் குடியிருக்கிறார்கள். ஹரு, சண்டைக்காரன் கென், மியோ என்று ஒரு குட்டிப் பிள்ளை, அப்புறம் உமே என்ற சமையல்காரி. அவர்கள் மனசுக்குள் ஒரு ரயில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் சீட்டில் யார் உட்காருகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த நேரத்துக்கு உடம்பு. மற்றவர்கள் இருட்டில் காத்திருக்கவேண்டும். உமேயக்காவுக்குச் சீட்டு கிடைப்பதே அபூர்வம். அதனால்தான் ‘வெளியே விடுங்கள்’ என்று கேட்கிறாள். பசிக்கிறவர்களுக்குச் சமைத்துப் போடவேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை. உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஹரு, மியோ, உமே மூன்று பேருக்கும் நான்தான் பேசுகிறேன். கென்னுக்கு மட்டும் ஒரு பையன்.

நான் எதையும் உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. இங்கே வந்த புதிதில் மைக் முன்னால் நின்று நான் ஒரு வரி பேசினால் உள்ளே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். “ஏம்மா, பேசுறியா பாடுறியா?” என்பார்கள். கூட்டத்தில் ஒருத்தியாகக் கத்துகிற வேலைகூடத் தரமாட்டார்கள். நான் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் பேசுவதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிச் சொல்லி நம் பேச்சைக் கழற்றினேன். இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் நான் சென்னைக்காரிதான். நல்ல வேஷமாக வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். வந்த நல்ல வேஷம் இது.

உமேவுக்குக் குரல் பார்க்கும்போது டைரக்டர் சொன்னார், “மத்த மூணு பேர் மாதிரி இருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டாலும் இவ வேற ஆளுன்னு தெரியணும்.” நான் வாயைத் திறந்தேன், அம்மா வந்தாள். நான் கூப்பிடவில்லை அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அம்மா குரல் எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா, சொல். உன் கல்யாண வீடியோவில் அம்மா வாயசைப்பது தெரியும், மேலே சினிமாப் பாட்டு ஓடும். வேறு ஒன்றும் கிடையாது. என் தொண்டையில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அதுவும் போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

நமக்கு ஒரு விளையாட்டு உண்டே. பாயில் படுத்துக்கொண்டு, வாசலில் அம்மா சத்தம் கேட்டதும் எந்த ஞானம் வருகிறாள் என்று பந்தயம் கட்டுவோம். கடற்கரையில் மீன் ஏலத்தில் ஆம்பிளைகளோடு மல்லுக்கட்டுகிற ஞானம் ஒருத்தி. தெங்கம்புதூர் வீட்டு வாசல்களில் “அம்மா, நெத்திலி தேனாட்டு இருக்கு” என்று குழைகிற ஞானம் ஒருத்தி. அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை சொல்கிறவள் ஒருத்தி. அப்பாவிடம் மட்டும் பையப் பேசுகிறவள் ஒருத்தி. அம்மாவுக்குள்ளேயே நாலு பேர் இருந்தார்கள். நீ எப்போதும் ஏலக்காரி மேல் கட்டித் தோற்றுப்போவாய்.

நிறுத்தச் சொல்கிறாய். பாதிக்கு மேல் பேசி முடித்தாயிற்று. நிறுத்தவும் எனக்கு மனசில்லை. நீ அம்மா பக்கத்திலேயே இருந்தவள், உனக்கு இது புரியாது.

ரெஜிஷா


இராஜாக்கமங்கலம்துறை
5 ஜூலை 2012

ரெஜிஷாவுக்கு,

எனக்குப் புரியாதா? நீ அடக்கம் முடிந்த அடுத்த மாதமே பெட்டியைத் தூக்கினாய். அம்மாவின் சேலைகளை மடித்து வைத்தது நான். உன் மச்சான் பெனிட்டோ பஹ்ரைனில் அரபிக்காரன் படகில் கிடக்கிறார். அப்பாவுக்குச் சோறு போடுவது நான், அவர் முகத்தைப் பார்க்கிறது நான். பக்கத்தில் இருந்தவளுக்குப் புரியாது என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

இங்கே கதை எங்கே போய் நிற்கிறது என்று கேள். சாயங்காலம் ஐந்தரை ஆனால் நம் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. எதிர்வீட்டுத் தெரேசாக்கா, அவள் மாமியார், கோயில் தெருவிலிருந்து ஆட்கள், எல்லாரும் தலையில் முக்காட்டோடு வந்து டிவி முன்னால் உட்காருகிறார்கள். விளம்பரம் வந்தால் ஜெபமாலையில் பத்து மணி உருட்டுகிறார்கள். விளம்பரம் முடிந்ததும் “சும்மா இருங்கட்டி, ஞானம் வருவா” என்று அடக்குகிறார்கள். அந்தச் சண்டைக்காரப் பயல் வந்து அடிதடி போட்டால் தெரேசாக்கா, “இந்தப் பிசாசு என்னத்துக்கு எடையில வாறான், அவளப் பேச விடாம?” என்று திட்டுகிறாள். ஜெஸ்பின் என்னிடம் வந்து, “அம்மா, எனக்குக் கென்னைப் பிடிக்கும், இவங்க எல்லாரையும் போகச் சொல்லு” என்று அழுகிறாள். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன்.

அப்பாவைப் பார்த்தால் சிரிப்பு வராது. புதன், வெள்ளி இரண்டு நாளும் ஒருசந்தி இருக்கிறார், ஒரு வேளைதான் சாப்பாடு. கடலுக்குப் போனாலும் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டுமென்று தூரம் போகமாட்டேன் என்கிறார், கூட வருகிறவர்கள் வேறு வள்ளம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பூசை மேல் பூசை வைத்தும் அவள் இன்னும் இருட்டில்தானே கிடக்கிறாள், நம் ஜெபத்துக்குப் பலம் போதவில்லை என்று மெலிந்துகொண்டே வருகிறார். போன வெள்ளிக்கிழமை உன் உமேயக்கா, “பசிக்குது, எனக்கில்ல, பிள்ளையளுக்கு” என்று ஏதோ சொன்னாள். அப்பா தேம்பித் தேம்பி அழுதார். அம்மா செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை.

நான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். “அப்பா, அது அம்மா இல்ல. நம்ம ரெஜிஷா பேசுகது. அது அவளுக்க வேலையாக்கும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லமாட்டேன். “ரெஜிஷாவா? அவளுக்கு இந்தப் பேச்சு எங்கேருந்து வரும்? போன்ல ‘சாப்டீங்களாப்பா’ங்கா. எவளோ கலெக்டர் ஆபீசுலேருந்து கூப்பிடுகாளோன்னு நான் எந்திரிச்சு நிக்கேன். முப்பது வருசம் கூட இருந்தவன் நான். ஞானத்துக்க கொரலு எனக்குத் தெரியாதா?” என்றார். 

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுக்களையில் நின்று நானும் கேட்கிறேன். மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். எனக்கு அம்மா முகம் நினைவிருந்தது, குரல் நழுவிக்கொண்டிருந்தது. உன் மேல் எனக்கு ஆத்திரமும் உண்டு, நீ இதைக் கொண்டுவந்ததில் சந்தோஷமும் உண்டு, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு அப்பா வேண்டும். அந்தக் கதையில் எப்படியாவது அந்த உமே “எனக்கு வெளிச்சம் கெடச்சாச்சி, நான் மோட்சத்துக்குப் போறேன், யாரும் அழாண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். நீதானே பேசுகிறாய். ஒரே ஒரு வரி. அப்பா அதோடு எழுந்து சாப்பிட்டுவிடுவார்.

ஜெனிலா


வளசரவாக்கம், சென்னை
18 ஜூலை 2012

அக்கா,

பெட்டியைத் தூக்கினேன் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். அந்த வீட்டில் அம்மா இல்லாமல் விடிகிறதை என்னால் பார்க்க முடியவில்லை, நீ பார்த்தாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் அழுகைதான் வரும், வேலை நடக்காது.

நீ கேட்ட வரியைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டால் ஆச்சரியப்படுவாய், அதற்கு இடம் இருக்கிறது. கதை முடிகிற பகுதியை இந்த வாரம்தான் பேசுகிறோம். கடைசியில் உமேயக்காவுக்கு ஜன்னல் சீட்டு கிடைக்கிறது. ஹருவின் கையால் ஒரு சாப்பாடு சமைத்து, பையனுக்கு வைத்துவிட்டு, ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடுகிறாள். இறங்கும்போது ஒரு வரி பேசுகிறாள். தமிழ் வசனம் எழுதுகிற தேவகுமார் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “வாயசைவுக்கு உட்கார்ந்தா போதும். உனக்கு என்ன வேணுமோ பேசிக்கோம்மா” என்றார்.

நீ எழுதிய வரியையே பேசிப் பார்த்தேன். வாயசைவுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. ரெக்கார்டிங் லைட் எரிந்தது, நான் ‘எனக்கு வெளிச்சம்’ என்று தொடங்கினேன், அங்கேயே நின்றுவிட்டேன். மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் நின்றேன்.

அக்கா, நான் இதுவரை அம்மா குரலில் பேசினதெல்லாம் ஒரு சமையல்காரியின் பேச்சு. அப்பா அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார், அது வேறு. ஆனால் இந்த வரி அப்பாவைப் பார்த்து அம்மா சொல்கிற வரி. அம்மா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியுமா? தெரியாததை அவள் குரலில் சொல்லி அப்பாவை நம்பவைத்தால், பிறகு அந்தக் குரலை எடுக்க எனக்கு வெட்கமாக இருக்கும். நீயும் அடுக்களையில் நின்று கேட்க மாட்டாய். அப்பா இருக்கிற நிலையில் இது பெரிய பேச்சுதான், எனக்கே தெரியும். நீ என்னைத் திட்டு.

வசனத் தாளில் இருந்த வரியையே பேசிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறுகிறேன். அப்பா முன்னால் நின்று நானே பேசிக் காட்டுகிறேன். அவர் என்னை அடித்தாலும் சரி. ஒரேயடியாக என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். நீ பக்கத்தில் நிற்பாயா?

ரெஜிஷா


இராஜாக்கமங்கலம்துறை
6 ஆகஸ்ட் 2012

என் தங்கச்சிக்கு,

நீ அழுதுகொண்டே பஸ் ஏறினாய். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா உன்னை வெறுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாய். நீ போன பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நீ ஒரு வாரம் தயங்கி, கடைசியில் அவர் முன்னால் நின்று அம்மாவாகப் பேசினாயே, “இருட்டுல அடஞ்சி கெடக்கேன் மக்களே” என்று, அப்போது நான் அப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவர் கண் டிவி பக்கம் போனது. பிறகு உன் உதட்டையே பார்த்தார். நீ முடித்துவிட்டு, “நான்தாம்பா பேசினேன், சாரிப்பா, என்னை மன்னிச்சிடுங்க” என்றாய். அவர் உன்னைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனார். நீ பெட்டியைக் கட்டினாய். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். உனக்கு எப்போதும் பெட்டி கட்டத்தான் அவசரம்.

அப்பா ஐந்தரைக்குச் சரியாக வந்தார். நான் பயந்துபோனேன், இன்னும் நம்புகிறாரோ என்று. வழக்கமான கூட்டம் வந்தது. “இண்ணைக்கு ஜெபம் வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார். ஜெஸ்பினைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டார், “மக்கா, இது யாரு? அது யாரு?” அவள் சொன்னாள், இது ஹரு, இது மியோ, இது உமே. “இதுல உங்க சித்தி எது?” என்றார். ஜெஸ்பினுக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன்.

“மூணும் அவதாம்ப்பா. அந்த ஹருப் பயலும் அவதான், சின்னப் பிள்ளையும் அவதான், அம்மையும் அவதான்.”

“அது மனசிலாச்சு. எம் மவ அவளுக்க சொந்தப் பேச்சுல பேசுகது எது?”

நீ ஒரு வாரம் இங்கே இருந்தாய் ரெஜிஷா. ஒரு தடவைகூட நம் ஊர்ப் பேச்சில் ‘கேட்டியா’ என்று சொல்லவில்லை. என்னை ‘எக்கா’ என்று கூப்பிடவில்லை. நான் அதைக் கவனித்தேன், சொல்லவில்லை. அப்பாவும் கவனித்திருக்கிறார். முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு குரலாகக் காதைக் கொடுத்துக் கேட்டார். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, “அவளக் காணல” என்றார். நான் சோறு வைத்தேன். சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் வாங்கினார்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் புறப்பட்டார். அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த பூசையில் கடைசி ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தது. அதை வேண்டாமென்று சொல்லப் போகிறார் என்று நினைத்து நானும் கூடப் போனேன். மரியஜான் உபதேசியார் அவரைக் கண்டதும், “எண்ணே, ஞானத்துக்க ஆத்துமா கரையேறியாச்சா?” என்று கேட்டார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை.

“அவ அண்ணைக்கே கரையேறியாச்சு. அவளப்போல உள்ளவளுக்கு எண்ணெய் வேண்டாம்” என்றார் அப்பா. “ஞாயித்துக்கெழம பூசை இருக்கட்டும். பேர மட்டும் மாத்தி எழுதும்.”

“யாரு பேரு?”

“ரெஜிஷா.”

உபதேசியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “என்னவே சொல்லுகீரு? பிள்ள உசிரோட இல்லியா இருக்கு? நேத்து இந்த வழியாத்தானே போச்சு?”

“உசிரோட இருக்குகவளுக்கும் வைக்கலாமில்லியா? எழுதும்” என்றார் அப்பா. “உள்ள அடஞ்சி கெடந்து வெளிய விடுங்களேன்னு கேட்டது எம் பெண்டாட்டி இல்ல. எம் மவளாக்கும்.”

உன் அக்கா
ஜெனிலா